ஒரே வேக்காடு

பயிற்சி நிலையத்துச் சோற்றை முதலில் குறை சொன்னவன் கிளீட்டஸ். 1952 ஜூன் மாதம். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஈத்தவிளை நிலையத்தில் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இலையில் விழுந்த சோற்றை அவன் விரலால் கிளறிப் பார்த்தான்.

"இது என்ன சோறு மக்கா? பாதி கல்லு, பாதி களி."

"பிடி அரிசி," என்றேன். "அப்படித்தான் இருக்கும்."

அவன் இனயத்துக்காரன், கடற்கரைக் கத்தோலிக்கன். எங்கள் சபை வழக்கம் அவனுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளிக் கர்த்தருக்கென்று தனியாக ஒரு துணிப்பையில் போட்டு வைப்பார்கள். ஞாயிறுதோறும் பை கோவிலுக்கு வரும். முன்பெல்லாம் அது உபதேசியார் வீட்டுக்குப் போனது. நிலையம் தொடங்கியதும், மாணவர் சாப்பாட்டுக்கு என்று சபை கூடித் தீர்மானித்துவிட்டது. ஒரு வீட்டு அரிசி அறுப்புக் கூலியாக வந்த சிவப்பு. அடுத்த வீட்டுடையது திங்கள் சந்தையில் வாங்கிய வெள்ளை. ஒன்று புதுசு, ஒன்று போன வருசத்தது. தொண்ணூறு வீட்டு அரிசி ஒரே பானையில் விழுந்தால், ஒன்று வேகும் நேரத்தில் மற்றொன்று குழைந்து போகும்.

"அப்ப இது பிச்சைக்காரனுக்கச் சட்டின்னு சொல்லு," என்றான் கிளீட்டஸ். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நெய்யூரிலிருந்து தெற்கே மூன்று மைல் நடந்தால் ஈத்தவிளை. இரண்டு வருடம் மழை பொய்த்துக் குளங்கள் வெடித்துக் கிடந்த காலம் அது. வெளிநாட்டுக் கமிட்டி ஒன்று முதலில் எங்கள் ஊரில் ஒரு கஞ்சிப்புரை போட்டது. ஓலைக் கொட்டகை, இரண்டு செம்பு உருளி. பிள்ளைகளுக்குத் தினமும் மத்தியானம் ஒரு நேரக் கஞ்சி. அடுத்த வருடம் அதே கமிட்டி, கஞ்சி ஊற்றினால் மட்டும் போதாது, பசியை ஒழிக்கத் தெரிந்த தலைவர்களை உருவாக்க வேண்டும் என்று நினைத்தது. கோவிலுக்கு எதிரே பழைய பள்ளிக்கூடத்தில் பலகை மாட்டினார்கள்: 'பசியை எதிர்க்கும் நாளைய தலைவர்கள் பயிற்சி நிலையம்'. எட்டு மாதப் பயிற்சி. முடிவில் ஒருவனை மட்டும் கடல் கடந்து இரண்டு வருடம் படிக்க அனுப்புவார்கள்.

அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும் என்று வந்த முதல் நாளே தீர்மானித்துவிட்டேன். அதை மறைத்துப் பயனில்லை. அந்த எட்டு மாதமும் நான் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஊரில் எனக்கு இருந்த ஒரே உறவு அக்கா ஜெபகனி. அம்மை போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. அவள்தான் வளர்த்தாள். அவள் புருஷன் மலைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய், முதல் வருடம் கடிதம் எழுதி, பிறகு எழுதாமல் போனவன். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் லீலாபாய்க்கு ஒன்பது வயது. அக்கா கயிறு திரித்தாள். பிள்ளைகள் கஞ்சிப்புரைக்குப் போய் வந்தன. நிலையத்துக்கும் அவள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நான் அடிக்கடி போகவில்லை. படிப்பு இருந்தது.

படித்தோம். எந்த நாட்டில் எத்தனை பேர் பட்டினி என்று உலகப் படத்தில் சிவப்பு மையால் புள்ளி வைத்தோம். எருக்குழி வெட்டினோம். கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழகினோம். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு கிடையாது. அதற்குப் 'பசி உணர்வுப் பயிற்சி' என்று பெயர். சாயங்காலம் அவரவர் உணர்ந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் மூன்று பக்கம் எழுதுவேன். கிளீட்டஸ் ஒரு தடவை ஒரே வரி எழுதினான்: 'புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.'

நிலையத் தலைவர் யேசுரத்தினம் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். "இது என்ன, பரிகாசமா?"

"இல்ல சார். ஆனி ஆடியில எங்களுக்குக் கடல் இதைச் சும்மாவே படிப்பிச்சுத் தரும்."

வகுப்பு சிரித்தது. யேசுரத்தினம் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கல்லூரியில் வாத்தியாராக இருந்த வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். எங்களோடு உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டார், கல்லைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்துவிட்டு. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லோரும் இரண்டு மடங்கு தின்றோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் அவர் கடைசிப் பரீட்சையை அறிவித்தார்.

"போன வருசம் சர்க்கார் ஆள் வந்து வீடு வீடாகக் கேட்டான், சாப்பிட்டாச்சா என்று. எல்லா வீட்டிலும் ஆச்சு என்றார்கள். நம் ஊரில் எவனாவது வந்தவன் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வானா? கேட்காமல் பசியை அளக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள். ஊரிடமே அந்த அளவுகோல் இருக்கும். அதைக் காண்பவன்தான் தலைவன்."

மற்றவர்கள் பிள்ளைகளின் எடையை எடுத்தார்கள். ஒருவன் காலையில் எத்தனை கூரையில் புகை வருகிறது என்று எண்ணினான். எனக்கு மூன்றாம் நாள் பிடி அரிசி நினைவுக்கு வந்தது. வெளியூர்க்காரன் எவனுக்கும் அது தோன்றியிருக்காது.

கோவிலின் பின்னறைச் சுவரில், கதவுக்குப் பின்னால், தொண்ணூறு வீட்டுப் பெயர்களும் வரிசையாக எழுதியிருக்கும். ஞாயிறன்று ஒவ்வொரு பையையும் நாழியால் அளந்து, அந்த வீட்டுக்கு நேரே கரியால் கோடு போடுவார்கள். கிறிஸ்மசுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அது அழியும். நான் போய்ப் பார்த்தபோது ஜனவரி முதல் கோடுகள் அப்படியே இருந்தன. உலையில் அரிசி போட்டால்தான் ஒரு பிடி. கிழங்கு அவிக்கும் நாளில் பிடி கிடையாது. அப்படியானால் அந்தக் கோடுகள், எந்த வீட்டில் வாரத்தில் எத்தனை நேரம் சோறு பொங்கினார்கள் என்பதற்கு அந்த வீடே எழுதிக் கொடுத்த சாட்சி. நான் அங்கே நின்று எண்ணினேன். ஜூனுக்கு முன் ஒற்றைக் கோடு இருந்த இடத்தில் ஜூனுக்குப் பின் இரட்டைக் கோடு. ஒரு வீட்டில் அல்ல, ஏறக்குறைய எல்லா வீட்டிலும்.

நாங்கள் வெட்டிய எருக்குழிகளும், போட்ட கீரைப் பாத்திகளும், பேசிய பேச்சும் வீண் போகவில்லை. ஊரின் பசி பாதியாகக் குறைந்திருந்தது. என்னிடம் அதற்குச் சுவர் அளவு ஆதாரம் இருந்தது.

அந்த வாரம் சமையல்கார ராஜையனும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். "இப்பம் அரிசி ஒரே வேக்காடு பிள்ளே. முன்ன மாதிரி கல்லும் களியும் இல்ல. எனக்கு வேலை லேசாச்சு." உண்மைதான். சோறு மல்லிகை மாதிரி உதிர்ந்தது. ஊர் நல்ல அரிசிக்கு மாறிவிட்டது என்று அதையும் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

கிளீட்டஸ் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தான். "நேசையா, இது ரேஷன் அரிசிக்க வாடை."

"மீன் நாத்தத்துல பிறந்தவனுக்கு அரிசிக்க வாடை எப்பம்லே தெரிஞ்சுது?"

அதைச் சொன்னவன் நான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கிளீட்டஸ் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட்டு முடித்து இலையை மடக்கினான். அதன் பிறகு அவன் என்னோடு அதிகம் பேசவில்லை. பேசாமல் இருந்ததை அப்போது நான் வசதியாகவே எடுத்துக்கொண்டேன்.

கட்டுரை நவம்பரில் டைப் அடித்து வெளிநாட்டுக்குப் போயிற்று. முடிவில் ஒரு நல்ல வாக்கியம் வேண்டும் என்று நினைத்து இப்படி எழுதியிருந்தேன்: 'ஈத்தவிளைக்குக் கஞ்சிப்புரை இனித் தேவையில்லை என்ற நாள் வந்துவிட்டது.' யேசுரத்தினம் அந்த வரியின் கீழ் கோடு போட்டார். ஜனவரியில் கமிட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்கார மதாம்மை நேரில் வருகிறாள் என்று பதில் வந்தது. யேசுரத்தினம் என்னைத் தனியே கூப்பிட்டு, "கப்பல் உனக்குத்தான்," என்றார். கிறிஸ்மசுக்குக் கோவிலுக்கு வெள்ளையடித்தார்கள். கோடுகள் இருந்த சுவர் வெறும் சுவராயிற்று. கணக்கு இனி என் கட்டுரையில் மட்டும்தான் இருந்தது.

ஜனவரி முதல் சனிக்கிழமை மத்தியானம் அக்காவிடம் சொல்லலாம் என்று போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கஞ்சிப்புரையிலிருந்து இன்னும் வரவில்லை.

"வாலே. சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

கப்பலைப் பற்றிச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மை இருந்திருக்கணும்," என்றாள். எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். அவள் கையை உடுத்த துணியில் துடைத்தாள். ஒரு தகர டப்பாவைத் திறந்து ஒரு பிடி அரிசி அள்ளினாள். கண்ணை மூடி உதடு அசைய ஜெபித்துவிட்டு, ஆணியில் தொங்கிய துணிப்பையில் போட்டாள். பிறகு கிழங்குத் துண்டுகளை வாரி உலையில் போட்டு மூடினாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அக்கா, நீ கிழங்கல்லா அவிக்க?"

"பின்னே?"

"பிடி எடுத்தியே?"

"உலை வச்சா பிடி எடுக்கணும். உள்ள என்ன கெடக்குன்னு கர்த்தரு மூடியைத் தெறந்தா பாக்காரு?"

"கிழங்கு அவிக்க நாளு அம்மை எடுக்கமாட்டாளே."

"அம்மைக்க காலத்துல பேரு வாசிக்கல்லியே." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க வந்தப்பொறவு, சொர்ணம்மாள் மாமி கோயில்ல ஒவ்வொரு வீட்டையும் பேரு சொல்லி விளிச்சில்லா அளக்கா. 'நேசையனுக்க அக்கா வீடு, அரை நாழி'ன்னு வாசிச்சா நான் எங்க கொண்டு போயி மூஞ்சிய வைக்க? உலகத்துக்க பசியை மாத்தப் படிக்க பிள்ளையளு, நம்ம ஊருல வந்து வயிறு காஞ்சு கெடந்துதுன்னு பேச்சு வரப்பிடாதுன்னு மாமி சொன்னா. அது சரிதானே?"

ஜூன் மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்தக் கோவிலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொர்ணம்மாள் பெயர்களை வாசித்தபோது கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"இது ஏது அரிசி?"

"ரேஷனு. வேற ஏது?"

"பிள்ளையளுக்கு?"

"அதுவளுக்குக் கஞ்சிப்புரை உண்டல்லா. அது உள்ளதுகொண்டு பிழைச்சோம். எனக்குக் கிழங்கு போதும். அரிசி பைக்கு ஆச்சு."

"எல்லா வீட்டுலயும் இப்படியா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அடுத்தவளுக்க பானையை நான் தெறந்தா பாத்தேன்?"

பிள்ளைகள் கஞ்சி குடித்ததால் வீட்டு ரேஷன் மிஞ்சியது. மிஞ்சியது பைக்குப் போனது. பை எங்கள் இலைக்கு வந்தது. இலையில் நிறைந்ததை நான் எண்ணி, ஊரில் பசி குறைந்துவிட்டது, கஞ்சி வேண்டாம் என்று எழுதினேன். தொண்ணூறு வீட்டு அரிசி ஏன் ஒரே வேக்காடாக வெந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் ஒரே கடையிலிருந்து வந்தவை. அறுப்புச் சிவப்பும் சந்தை வெள்ளையும் எவர் வீட்டிலும் இல்லை. பானைகளைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. சாட்சி மூன்று மாதமாக என் வாயில் இருந்தது. நான் மென்று விழுங்கியிருந்தேன்.

அன்றே யேசுரத்தினத்திடம் போனேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். மேசை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வெளியே யாரோ கிணற்றில் வாளி இறக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"நீ பார்த்தது ஒரு வீடு," என்றார்.

"ஆமா சார்."

"மற்ற எண்பத்தொன்பது?"

"பார்க்கவில்லை."

"பார்க்காததைச் சொல்வது விஞ்ஞானம் இல்லை நேசையா. நான்தானே சொல்லிக் கொடுத்தேன்?" அவர் குரலில் கோபம் இல்லை. "போய்ப் பார். வியாழக்கிழமை அந்த அம்மாள் வருகிறாள். அதற்குள் காட்டு. காட்டினால் நானே கட்டுரையைக் கிழித்துப் போடுகிறேன்." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு ஊரில் ஆறு மாதமாகக் கஞ்சிப்புரை கேட்கிறார்கள். இங்கே எடுத்தால் அங்கே வைப்பார்கள். யாரோ பிள்ளைகள் குடிக்கத்தான் போகின்றன. அதையும் யோசித்துக்கொள்."

ராஜையன் சொன்ன ஒரே வேக்காட்டை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும். அவருக்கு உடனே புரிந்திருக்கும், அவரும் அதைத்தானே தின்றார். சொல்லவில்லை. 'போய்ப் பார்க்கிறேன் சார்' என்று எழுந்து வந்துவிட்டேன்.

நான்கு நாள் வீடு வீடாகப் போனேன். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். ஆச்சு என்றார்கள். ஆணியில் தொங்கிய பையை அவர்களே கையால் தட்டிக் காட்டினார்கள். பானை மூடியிருந்தது. எங்கள் ஊரில் ஒருவன் அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட ஏசிவிட்டு மன்னிப்புக் கேட்கலாம். அடுத்தவன் பானையைத் திறந்து பார்த்துவிட்டு அந்தத் தெருவில் நடக்க முடியாது. ஒரு வீட்டில் என் கை மூடியை நோக்கி நீண்டதோ என்னவோ, அந்த வீட்டுக்காரி நடுவில் வந்து நின்றாள்.

புதன்கிழமை சொர்ணம்மாள் என்னை வழியில் மறித்தாள். அறுபது வயதுக்காரி, மாதர் சங்கத்துக்குத் தலைவி.

"ஏலே நேசையா, வீடு வீடா ஏறி எறங்கி என்னத்தத் தேடுக?"

"மாமி, பைக்கு அரிசி போடுகதுக்காக ஆளுவ கிழங்கு தின்னுகாவளா?"

"கிழங்கு தின்னா செத்தா போவாவ? உனக்க அம்மை உன்னைக் கிழங்கு தந்துதான் வளத்தா."

"கஞ்சிப்புரையை எடுத்துருவாவ மாமி."

அவள் முகம் ஒரு கணம் அசைந்தது. பிறகு உதட்டை இறுக்கினாள். "எடுத்தா எடுக்கட்டு. நாலு ஊருக்கு நடுவுல, ஈத்தவிளைக்காரி பட்டினி கெடந்து அரிசி போட்டாள்ன்னு நீ மதாம்மைக்கிட்ட பறையப்பிடாது. எங்கள நாணங்கெடுத்தப்பிடாது. நீ பெரிய ஆளாயிட்டு வா. அது போதும்."

அவள் என்னை மன்னித்துவிட்டது போலவும், ஊரே என்னை மௌனமாக இருக்கச் சொன்னது போலவும் அப்போது எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணத்தோடு அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியாதது.

வியாழன் காலை மதாம்மை வந்தாள். உயரமானவள், வெயிலில் மூக்குச் சிவந்தவள், நல்லவள். எருக்குழியை எட்டிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக் குலுக்கி, கட்டுரையைக் கப்பலில் இரண்டு தடவை படித்ததாகச் சொன்னாள். கையை ஒரு பிடி போல மடக்கிக் காட்டினாள். பிறகு ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். "நேசையனின் அக்கா வீடு பக்கத்தில்தான்," என்றார் யேசுரத்தினம். வேறு வீட்டைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லையா, அல்லது எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா? இதை நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

அக்கா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றாள். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரத்து ரேஷன் முழுவதும் அந்தப் பானையில் இருந்தது என்பது காலியாகக் கிடந்த தகர டப்பாவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. லீலாபாய் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்று பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளீட்டஸ் மதாம்மையின் குடையை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றான்.

மதாம்மை இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி. கஞ்சிப்புரை நின்றுபோனால் உங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டம் இருக்குமா? பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். பெயர்த்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அக்கா மதாம்மையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மக்கா, நான் என்ன சொல்லணும்?"

"உள்ளதைச் சொல்லு அக்கா."

"உள்ளதைச் சொன்னா உனக்குப் போவ முடியுமா?"

யேசுரத்தினத்துக்குத் தமிழ் தெரியும். கிளீட்டசுக்கும் தெரியும். இருவரும் கேட்டார்கள். யேசுரத்தினம் கூரையின் ஓலையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் வெளியே வர இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டையும் நான் தெளிவாக அறிந்திருந்தேன். பானைக்குள் கஞ்சித் தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா காத்திருந்தாள். அவள் எனக்காக எத்தனையோ தடவை காத்திருந்திருக்கிறாள், இவ்வளவு நேரம் இல்லை.

அவள் என்ன சொல்கிறாள் என்று மதாம்மை மெதுவாகக் கேட்டாள்.

"கஷ்டம் இல்லை, சாப்பிட்டாகிவிட்டது என்கிறாள்," என்றேன் இங்கிலீஷில்.

அக்காவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் மதாம்மை சிரித்து அவள் தோளைத் தொட்டபோது, நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் சிரித்தாள். "சாப்பிடச் சொல்லுலே அவியள," என்றாள். மதாம்மை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அரிசி மிக நன்றாக வெந்திருக்கிறது என்று சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

வாசலைத் தாண்டும்போது கிளீட்டஸ் என் காதருகே, "பரீட்சையில ஜெயிச்சிட்டியே மக்கா," என்றான். அவ்வளவுதான். மறுநாள் அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இனயத்துக்கு நடந்தே போய்விட்டான். கட்டுமரத்தில் போகிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிப்ரவரி முதல் வாரம் உருளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஞாயிறு கோவிலில், பசியை வென்ற ஊர் என்று ஈத்தவிளையைப் பாராட்டி மதாம்மை எழுதிய கடிதத்தை வாசித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிறகு சொர்ணம்மாள் பெயர்களை வாசித்தாள். வெள்ளைச் சுவரில் புதுக் கோடுகள் விழுந்தன. நான் எண்ணாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. குறையவே இல்லை. வென்ற ஊர் எப்படிக் குறைத்துப் போடும்? நேசையனுக்க அக்கா வீடு, ஒரு நாழி.

மார்ச்சில் கப்பல் ஏறி, இரண்டு வருடம் குளிர் நாட்டில் படித்தேன். பல மேடைகளில் பிடி அரிசியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கையை மடக்கிக் காட்டுவேன். மண்டபம் முழுவதும் என்னோடு சேர்ந்து கையை மடக்கும். அங்கேதான் கண் மங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அக்கா எழுத்துத் தெரிந்தவள் அல்ல. உபதேசியார் அவளுக்காக எழுதிய கடிதங்களில் எல்லோரும் சுகம் என்று இருந்தது.

1955 ஜூனில் திரும்பி வந்தேன். நிலையத்தில் புதிய பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இனி நான் அவர்களுக்கு ஆசான். பெட்டியை வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கூரை தாழ்ந்திருந்தது. இளையவள் வாசலில் நார் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"லீலா எங்க அக்கா?"

"திருவனந்தபுரத்துல ஒரு வக்கீல் வீட்டுல வேலைக்கு நிக்கா. கஞ்சிப்புரையை எடுத்தாவளா, அந்தச் சித்திரையில கொண்டு விட்டேன். அங்க மூணு நேரமும் சோறாம்." அவள் குரலில் குற்றம் சாட்டுவது போல் ஒன்றும் இல்லை. "ஒருக்கா வந்திருந்தா. இஞ்ச உள்ள கிழங்கு இப்பம் அவளுக்கு எறங்கல்ல."

நான் கொண்டு வந்த கம்பளிப் போர்வையை நீட்டினேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆணியில் அந்தத் துணிப்பை தொங்கியது. ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள். கனமாகத்தான் இருந்தது. அடுப்பில் பானை கொதித்தது.

"சாப்பிட்டியா?" என்று நான் கேட்டேன். அது என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவள் பதில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன். எழுந்து அடுப்பருகே போனாள். துணியை மடித்துப் பிடித்துப் பானையின் மூடியை எடுத்தாள். என் பக்கமாகப் பானையைச் சாய்த்துப் பிடித்தாள்.

"வீடு வீடா பானை பாக்க வந்தவனல்லா நீ? பாரு," என்றாள். "பாத்து எழுதிக்கோ."

ஆவி எழும்பி என் கண்ணாடியில் படிந்தது. இரண்டு கண்ணும் வெள்ளையாக மூடிக்கொண்டன. அவள் பானையைப் பிடித்தபடியே நின்றாள். சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.